செய்திக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? வியாபாரம், தர்மம் பற்றி ஓர் எளிய விளக்கம்

“பத்திரிகைக்காரங்க எல்லாம் காசு வாங்கிட்டுத்தான் எழுதுறாங்க” என்று அலுத்துக்கொள்ளாத ஆள் மதுரையில் குறைவு. அதே ஆள் அடுத்த மூச்சில், “டொனேஷன்ல நடத்துனா யாருக்கும் பயப்பட வேண்டாம்ல?” என்பார். பக்கத்தில் இருப்பவர் விடமாட்டார்: “டொனேஷன் குடுக்குறவன் சும்மாவா குடுப்பான்? ஒழுங்கா வியாபாரமா நடத்தட்டும். நல்லா இருந்தா விக்கும்.”

மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஒரு பத்திரிகை வியாபாரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தர்மமாக இருக்க வேண்டும், வேறு வழியில்லை என்று மூன்றுமே எடுத்துக்கொள்கின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அதை அவிழ்க்க மதுரைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அண்ணா நகர் வரை போனால் போதும்.

## அரவிந்த் கண் மருத்துவமனை வியாபாரமா, தர்மமா?

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த். இன்று அங்கே காசு கட்டிச் சிகிச்சை பெறுபவர்களும் இருக்கிறார்கள், இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ ஆபரேஷன் செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். கட்டணப் பிரிவில் வரும் பணம் இலவசப் பிரிவையும் தாங்குகிறது. ஒரு தரப்பிடம் வாங்கும் காசில் இன்னொரு தரப்பின் செலவைச் சமாளிக்கும் இந்த ஏற்பாட்டுக்குக் குறுக்கு மானியம் என்று பெயர்.

அப்படியானால் அரவிந்த் வியாபாரமா? கட்டணம் வாங்குகிறது, கணக்குப் பார்க்கிறது, செலவைக் கறாராகக் குறைக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகாது என்று 1992இல் ஆரோலேப் என்ற தன் தயாரிப்புப் பிரிவின் மூலம் இங்கேயே தயாரிக்கத் தொடங்கியது. இதெல்லாம் வியாபாரத்தின் வேலைதான். ஆனாலும் அதை நடத்துவது ஓர் அறக்கட்டளை. வருகிற உபரியை யாரும் பங்கு பிரித்து வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை.

ஆக, இங்கே கேள்வி இரண்டு. முதல் கேள்வி: மிச்சமாகும் பணம் எங்கே போகிறது? உரிமையாளருக்குப் போனால் அது இலாப நிறுவனம். திரும்ப அதே வேலைக்குள் போனால் இலாப நோக்கற்ற நிறுவனம். இரண்டாவது கேள்வி: பணம் எங்கிருந்து வருகிறது? கட்டணமா, விளம்பரமா, நன்கொடையா, அரசா?

இலாப நோக்கற்ற நிறுவனமும் விற்கலாம். இலாப நிறுவனமும் நன்கொடை கேட்கலாம். முதல் கேள்விக்கான பதில் இரண்டாவதைத் தீர்மானிப்பதில்லை. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எளிது.

## ஒரு நாளிதழ் எப்படி ஓடுகிறது?

நாளிதழும் வெகுகாலமாகக் குறுக்கு மானியத்தில்தான் ஓடுகிறது. காகிதம், மை, அச்சு, லாரி வாடகை, ஏஜென்ட் கமிஷன், நிருபர் சம்பளம் எல்லாம் சேர்த்தால் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு, நாம் கொடுக்கும் விலைக்குள் பொதுவாக அடங்காது. மீதியைக் கட்டுவது விளம்பரம். 1833இல் நியூயார்க்கில் ‘சன்’ நாளிதழ், மற்றவை 6 சென்ட் விற்றபோது ஒரே ஒரு சென்ட்டுக்கு விற்றது. விலையைக் குறைத்து வாசகரைக் கூட்டு, அந்தக் கூட்டத்தை விளம்பரதாரருக்குக் காட்டு என்ற கணக்கு அப்போது பெரிதாகச் சூடுபிடித்து உலகம் முழுக்கப் பரவியது.

1942இல் சி.பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கியது நம் மதுரையில்தான். எளிய தமிழில் எழுதி, எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் வாசகராக்கிய முயற்சி அது. எல்லோர் கைக்கும் எட்டும் விலையில் பத்திரிகை வர வேண்டுமென்றால் யாரோ ஒருவர் மிச்சச் செலவை ஏற்க வேண்டும். ஆடித் தள்ளுபடி சமயத்து நாளிதழை விரித்துப் பாருங்கள். ஜவுளிக்கடை முழுப்பக்கம், நகைக்கடை அரைப்பக்கம், பிளாட் விற்பனை, கல்லூரி அட்மிஷன், அரசு டெண்டர், மூலையில் ‘கண்ணீர் அஞ்சலி’. நூறு வார்டு மாநகராட்சிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து எழுதிய நிருபரின் சம்பளத்தை இவர்கள் கட்டியிருக்கிறார்கள்.

அரவிந்தில் நடப்பதும் இதுவும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுதான். அரவிந்தில் காசு கட்டுகிறவர் தன் கண்ணுக்காகக் கட்டுகிறார். இலவசப் பிரிவில் யாருக்கு ஆபரேஷன் நடக்கிறது என்பதில் அவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பத்திரிகையில் காசு கட்டுகிற விளம்பரதாரருக்கோ, உள்ளே என்ன செய்தி வருகிறது என்பதில் லாப நட்டம் உண்டு. பிளாட் போட்டது கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் இடத்தில் என்று செய்தி வந்தால் அடி விழுவது அவருக்குத்தான்.

## காசு நெருக்கும் இடம்

அந்த நெருக்கடி ஆசிரியர் அறையில் மட்டும் நடப்பதாக நினைக்கிறோம். அது மிகக் கூர்மையாகத் தெரிவது தாலுகா ஊர்களில்தான். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் மாதிரி ஊர்களிலிருந்து செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சாகும் செய்திக்கு இவ்வளவு என்று ‘லைனேஜ்’ வரும். அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அவர்களில் பலர் விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும், அதில் கமிஷன் உண்டு.

சித்திரைத் திருவிழா சிறப்பு மலர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்குவதற்குச் சில வாரம் முன்பே அந்த நிருபர் ஆர்டர் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஊரில் நாலு காசு உள்ளவர்களை எல்லாம் பார்த்து வர வேண்டும். அரிசி ஆலைக்காரர், குவாரிக்காரர், தனியார் பள்ளித் தாளாளர், ஒன்றியப் பிரமுகர். “அண்ணே, இந்த வாட்டி கால் பக்கமாச்சும் குடுங்கண்ணே.” கொடுப்பார்கள். பிறகு மே மாதம் அந்த ஆலைக் கழிவு வாய்க்காலில் கலக்கிறது என்று ஊர்க்காரர்கள் அதே நிருபருக்கு போன் போடுவார்கள். அவர் எழுதாமல் விட்டால் அதற்கு அவர் லஞ்சம் வாங்கியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த தீபாவளி மலர் நினைவுக்கு வந்தால் போதும்.

இவ்வளவுக்கும் நடுவில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய நேர்மைக்குச் சம்பளம் கொடுப்பவர் யாருமில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

இதன் முற்றிய வடிவம் காசு செய்தி: விளம்பரத்தை விளம்பரம் என்று சொல்லாமல் செய்தி போலவே அச்சிடுவது. 2009 மக்களவைத் தேர்தலில் இது எவ்வளவு பரவியிருந்தது என்று ஆராய இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் பரஞ்சோய் குகா தாகுர்த்தா, கே. ஸ்ரீனிவாஸ் ரெட்டி இருவரையும் கொண்ட குழுவை அமைத்தது. 2010இல் அவர்கள் கொடுத்த அறிக்கையைக் கவுன்சில் முதலில் முழுமையாக வெளியிடவில்லை. சுருக்கம்தான் வந்தது.

அரசும் ஒரு பெரிய விளம்பரதாரர் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். டெண்டர் அறிவிப்பும் சாதனை விளம்பரமும் சிறு பத்திரிகைகளுக்குப் பிராணவாயு மாதிரி. 2019இல் ஜம்மு காஷ்மீர் அரசு ‘கிரேட்டர் காஷ்மீர்’ நாளிதழுக்கு விளம்பரத்தை நிறுத்தியபோது, பள்ளத்தாக்குப் பத்திரிகைகள் முதல் பக்கத்தை வெறுமையாக விட்டு எதிர்ப்புக் காட்டின.

இதுவரை பார்த்தது: விளம்பரக் காசு செய்தியை மலிவாக்கியது, எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. அதே காசுதான் எதை எழுதக்கூடாது என்பதையும் சத்தமில்லாமல் சொல்கிறது. இப்போது அந்தக் காசும் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

## நல்ல செய்தி என்றால் தானே விற்காதா?

“நல்லா இருந்தா விக்கும்” என்ற வாதத்தைப் பார்ப்போம். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாடு அரசு 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது என்ற செய்தி வந்தது. பரப்பு 2,015 ஹெக்டேர், ஏறத்தாழ 5,000 ஏக்கர். ஊர் ஊராகக் கிராமசபைத் தீர்மானம், மேலூரிலிருந்து மதுரைக்குப் பேரணி என்று மக்கள் நின்றார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

மண்ணைக் காத்தவர்கள் அந்த மக்கள். ஆனால் எந்த நிலம், எந்தக் கண்மாய், எந்த மலை அந்த எல்லைக்குள் வருகிறது என்று ஊருக்குச் சொல்ல யாராவது ஏல ஆவணத்தைப் படித்து, வரைபடத்தைக் கிராம எல்லையோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் மேல்முறையீடு, அது வரை அலைச்சல். இந்த வேலைக்கு ஆகும் உண்மையான செலவு ஒரு மனிதரின் பல மாதச் சம்பளம்.

அதன் பலன் யாருக்குப் போகிறது? பத்திரிகை வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் ஒன்றுபோல. மலை பிழைத்தால் சந்தா கட்டாதவர் வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர் நிற்கும். காசு கொடுக்காதவரை விலக்க முடியாத, ஒருவர் அனுபவிப்பதால் இன்னொருவருக்குக் குறையாத இந்த மாதிரிப் பொருளைப் பொருளாதாரத்தில் பொதுப் பண்டம் என்கிறார்கள். தெருவிளக்கு அப்படிப்பட்டது. தெருவிளக்கைச் சந்தையில் விற்றுச் சம்பாதிக்க முடியாது. கிரிக்கெட் ஸ்கோரும் சினிமாச் செய்தியும் தானே விற்கும். ஏல ஆவணத்தைப் படிக்கும் வேலை விற்காது. அது மட்டமான சரக்கு என்பது காரணமல்ல. வாங்காமலே பலன் கிடைத்துவிடுகிறது.

## தர்மக் காசின் குணம்

விற்காததை யாராவது கொடையாகத் தாங்கட்டும் என்ற யோசனை இங்கிருந்துதான் வருகிறது. இது புதிதுமல்ல. 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்துவிட்டுச் சென்னைக்குப் போய்ப் பத்திரிகைக்காரரான பாரதி, பின்னர் நடத்திய ‘இந்தியா’ வார இதழுக்கு மண்டயம் குடும்பத்தார் பணம் போட்டார்கள்.

இப்போதைய உதாரணம் அமெரிக்காவின் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம். சாண்ட்லர் தம்பதி ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் தருவதாகச் சொல்லி 2008இல் செய்தி வெளியிடத் தொடங்கியது. 2010இல் இணையச் செய்தி நிறுவனங்களில் முதன்முதலாகப் புலிட்சர் பரிசு பெற்றது. நம் நாட்டில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ இணையதளம் கிராமப்புற இந்தியாவைப் பற்றி மட்டுமே எழுதுகிறது, தமிழிலும் வருகிறது. நடத்துவது ஓர் அறக்கட்டளை.

நல்ல வேலைகள். ஆனால் கொடையாளிக்கும் மனம் என்று ஒன்று உண்டு. சுகாதாரம், பருவநிலை, பெண் கல்வி என்று அவருக்கு விருப்பமான தலைப்புகள் இருக்கும். மதுரை மாநகராட்சியின் பாதாளச் சாக்கடை ஒப்பந்தத்தைப் பத்து ஆண்டு விடாமல் கவனிக்க ஒரு நிருபர் வேண்டும் என்று கேட்டால், பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கும் கொடையாளிக்கு அது சின்ன விஷயம். பெரும்பாலான கொடை ஓரிரு ஆண்டுத் திட்டமாக வரும். திட்டம் முடிந்தால் ஆளும் போய்விடுவார்.

கொடையாளி ஒருவரே என்றால் ஆபத்து இன்னும் பெரிது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை ஒரே உத்தரவில் நிறுத்தியது. அதை நம்பியிருந்த பல நாட்டுச் செய்தி நிறுவனங்கள் சில நாட்களில் ஆட்களைக் குறைத்தன. ஒவ்வொன்றும் என்ன எழுதியது என்று பார்த்து எடுத்த முடிவல்ல அது. தாங்கிய கை எடுபட்டது, அவ்வளவுதான்.

## நம் சட்டம் வைத்திருக்கும் சுவர்

“அப்படியானால் அரவிந்த் மாதிரியே நடத்தலாமே? அறக்கட்டளையாகப் பதிவு செய்து, கொஞ்சம் சந்தா, கொஞ்சம் விளம்பரம், கொஞ்சம் நன்கொடை என்று?” நியாயமான கேள்வி. இதற்கான பதில் பலருக்குத் தெரியாது.

1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் எது தர்ம காரியம் என்று ஒரு பட்டியல் தந்தது: ஏழைகளுக்கு உதவி, கல்வி, யோகா, மருத்துவ உதவி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, நினைவுச் சின்னப் பாதுகாப்பு, கடைசியாக ‘பொதுப் பயனுக்கான வேறு எந்த நோக்கமும்’. மருத்துவம் பெயர் சொல்லியே இருக்கிறது. இதழியல் இல்லை. அது வந்தால் கடைசி வகைக்குள் வர வேண்டும். அந்த வகைக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு: வணிக ரீதியான வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதாவது கட்டண நோயாளி இலவச நோயாளியைத் தாங்கும் வழி மருத்துவமனைக்குத் திறந்திருக்கிறது. அதே வழியில் ஒரு செய்தி நிறுவனம் போனால், நன்றாக விற்கத் தொடங்கியதும் தர்ம நிறுவனம் என்ற தகுதி ஆட்டம் காணும். இந்தத் தகுதிதான் வரிவிலக்குக்கும், கொடையாளிக்கு வரிச்சலுகை கிடைப்பதற்கும் அடிப்படை.

2025 ஜனவரியில் ‘தி ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ்’ என்ற புலனாய்வு அமைப்பு, தன் இலாப நோக்கற்ற தகுதியை வருமான வரித்துறை ரத்து செய்துவிட்டதாக அறிவித்தது. இதழியல் பொதுநோக்கத்துக்கான பணியல்ல என்பது காரணமாகச் சொல்லப்பட்டதாகவும் கூறியது. அமெரிக்காவில் இதற்கு நேர் எதிராக, 2019இல் ‘சால்ட் லேக் டிரிப்யூன்’ என்ற பழைய நாளிதழே இலாப நோக்கற்ற நிறுவனமாக மாற வரித்துறை ஒப்புதல் தந்தது. அங்கேயும் ஒரு விலை உண்டு. அப்படி மாறினால் தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரித்துத் தலையங்கம் எழுத முடியாது.

வெளிநாட்டுக் கொடை என்ற வழி இங்கே அடைபட்டது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற்ற பத்திரிகையின் ஆசிரியர், உரிமையாளர், நிருபர், கேலிச்சித்திரக்காரர் வரை வெளிநாட்டுக் கொடை வாங்குவதைத் தடை செய்கிறது.

சுருங்கச் சொன்னால், இரண்டு வரவையும் கலந்து உறுதியாக நிற்கும் வாய்ப்பை நம் சட்டம் சுருக்கி வைத்திருக்கிறது. ஊடகம் பற்றிய விவாதங்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை. இதழியலையும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

## வாசகர் என்ற மூன்றாவது கை

காந்தி ‘யங் இந்தியா’, ‘நவஜீவன்’ இதழ்களை விளம்பரம் இல்லாமல் நடத்தினார். வாசகர் சந்தாவில் ஒரு பத்திரிகை நிற்க வேண்டும் என்பது அவர் நிலை. அந்தப் பாதையில் இன்று போவது ‘நியூஸ்லாண்ட்ரி’ மாதிரி தளங்கள். சட்டப்படி அது ஒரு தனியார் கம்பெனி, வரவு சந்தாவிலிருந்து வருகிறது. குறிப்பிட்ட ஒரு புலனாய்வுக்கு என்றே வாசகர்களிடம் நிதி திரட்டுவதும் உண்டு.

பிரிட்டனின் ‘கார்டியன்’ இன்னொரு வகை. 1936இல் உருவான ஸ்காட் டிரஸ்ட் அதற்கு உரிமையாளர். இன்று அதுவும் ஒரு கம்பெனிதான், ஆனால் பங்கு ஈவு யாருக்கும் போவதில்லை. அதனிடம் நூறு கோடி பவுண்டுக்கு மேல் மூலநிதி இருக்கிறது. மூலநிதி என்றால் முதலைத் தொடாமல் அதன் வருமானத்தில் செலவு செய்யும் பணம். அந்தப் பணத்தில் பெரும்பங்கு, கார் விற்பனை விளம்பரங்களுக்கான ‘ஆட்டோ டிரேடர்’ தொழிலின் பங்கை 2014இல் விற்றதில் வந்தது. தர்மம் போலத் தெரியும் பணத்தின் ஊற்று வியாபாரம். இதற்கு மேல் வாசகர்களிடம் விரும்பியதைக் கொடுங்கள் என்றும் கேட்கிறார்கள். கொடுக்காதவரும் படிக்கலாம்.

சந்தாவுக்கும் ஒரு குறை இருக்கிறது. கட்ட முடிந்தவருக்குப் பிடித்த செய்திதான் அதிகம் வரும். ஆங்கிலம் படிக்கும் நகரவாசிக்குச் செய்தி கிடைக்கும். சேடபட்டி விவசாயிக்குக் கிடைப்பது சந்தேகம்.

## மதுரைக்கு எது பொருந்தும்?

என் பதில் ஒரு கலவை. மதுரை வட்டாரத்துக்கென்று ஒரு சின்னச் செய்தி நிறுவனம், நாலைந்து முழுநேர நிருபர்கள், எல்லோருக்கும் மாதச் சம்பளம். விளம்பரம் பிடிக்கும் வேலை நிருபருக்கு அறவே கூடாது, அதற்குத் தனி ஆள். செய்தி எல்லோருக்கும் இலவசம், முடிந்தவர்கள் மாதம் நூறு இருநூறு கட்டட்டும். வெளிநாட்டில் இருக்கும் மதுரைக்காரர்களில் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து சந்தா கட்டுவது வேறு, வெளிநாட்டுக் கொடை வேறு என்பதால், அந்த வரவைப் பெறும் முன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த ஒரு தனிமனிதரின், கடையின், துறையின் பணமும் மொத்த வரவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று எழுதி வைக்க வேண்டும். அந்த ஆள் நாளைக்கே கையை எடுத்தாலும் சம்பளம் நிற்காது என்ற தைரியம் இருந்தால்தான் கண்மாய்ச் செய்தியை எழுத முடியும்.

இப்போதைய பத்திரிகைகளைப் பற்றியும் வாசகருக்குத் தெரிந்துகொள்ள ஒரு வாசல் உண்டு. மார்ச் மாதத் தொடக்கத்தில் உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் ‘படிவம் 4’ என்று ஒரு கட்டம் வெளியிடும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. ஆசிரியர் யார், வெளியிடுபவர் யார், உரிமையாளர் யார் என்று அதில் இருக்கும். நான் சொன்ன முதல் கேள்விக்கு அது ஓரளவு பதில். இரண்டாவது கேள்விக்கு, அதாவது போன வருடம் அதிகம் பணம் கொடுத்த பத்துப் பேர் யார் என்பதற்கு அதில் பதில் இருக்காது. அந்தப் பட்டியலையும் வெளியிடுங்கள் என்று சந்தா புதுப்பிக்கும்போது ஏஜென்ட்டிடம் சொல்லலாம், ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடலாம். இணையத்தில் நன்கொடை கேட்கும் தளங்களிடமும் இதே பட்டியலைக் கேட்டுவிட்டுப் பணம் அனுப்பலாம்.